கழுவிய ராகி

தானியத்தைக் கழுவாமல்தான் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு முதன்முதலில் தெரியவைத்தது இந்த லேபில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற சங்கவி என்கிற பெண்தான், இன்றைக்கு வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. அதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை, என் மகன் தைனிஸிடம் கேட்டாள். "சார், சாம்பிள் கழுவலையே? கழுவியிருந்தா மேல ஒட்டியிருக்கிற மருந்து போயிடும். அப்புறம் இருந்தாலும் இல்லன்னுதான் ரிப்போர்ட் வரும்." தைனிஸ் சிரித்துக்கொண்டே, "இல்லங்க, களத்துல இருந்து அப்படியே அள்ளினது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. அவன் கதிரடிக்கிற மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தான், தலையெல்லாம் உமி, "மா, லேபுக்கு ஒரு கிலோ எடுத்து வச்சிடுங்க" என்று கத்தினான், அவ்வளவுதான். அள்ளினது நான். அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, கல் அரித்து, அவன் அப்பாவுடைய வெள்ளை வேட்டியில் மாடியில் இரண்டு நாள் காயவைத்து, முறத்தில் புடைத்து, புதுப் பையில் கட்டினதும் நான். அந்தப் பெண் பேனாவால் ஒரு கட்டத்தில் டிக் அடித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அடித்துவிட்டாள் என்று உம்மிடம் சொல்லலாம் என்று பார்த்தேன் மாதாவே, ஆனால் அது சரியில்லை, நான் வாயைத் திறக்கவே இல்லை. முந்தானைக்குள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிக் என்பது எவ்வளவு சின்னது. எட்டாவது வரைக்கும் படித்தவளுக்கு அந்தப் படிவத்தில் இருக்கிற இங்கிலீஷ் எல்லாம் தெரியாது, ஆனால் எந்தக் கட்டம் என்று தெரியும். பிறகு அவள் ஏதோ ஜெராக்ஸ் கேட்டாள். சிட்டா நகல் ஒன்று குறைகிறதாம். "இங்கயே உக்காருங்க மா, கீழ போய் எடுத்துட்டு வந்துடறேன், தண்ணி வேணுமா?" என்றான். வேண்டாம் என்று தலையாட்டினேன். படியில் அவன் இறங்குகிற சத்தம் கேட்டது, இரண்டிரண்டு படியாக, பள்ளிக்கூடம் விட்டு வருகிற நாளில் இறங்கின மாதிரியே. சந்தோஷமாக இருக்கிறான். மருந்து அடிக்காத விவசாயம் என்று ஆரம்பித்த நாலு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் இப்படி இறங்குகிறான்.

வெள்ளிக்கிழமை என்றால் ஜெபமாலையில் துயர மறையுண்மைகள். பூங்காவனத்தில் ஆண்டவர் இரத்த வியர்வை சிந்தினதைத் தியானிக்க வேண்டும். தியானிக்கிறேன். முதல் மணி, இரண்டாவது மணி, மூன்றாவது மணியில் அந்தத் தண்ணீர் வந்துவிடுகிறது, முதல் கழுவின தண்ணீர், அண்டாவில் செம்மண் நிறத்தில் சுழன்றது, அதன் மேலே உமி மிதந்தது, நான் அதைக் கையால் வழித்து வழித்து வெளியே விட்டேன். முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். கோழி வந்து குடித்தது. கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை, நேற்றுக்கூட முட்டை வைத்தது. ஒன்றும் ஆகவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? இல்லையா? இந்தச் சங்கவியைக் கேட்டால் சொல்வாள். கேட்டால், ஏன் கேட்கிறீர்கள் என்பாள். மறுபடி முதல் மணியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏன் கழுவினேன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? எங்கள் ஊர் ஆரோக்கிய மாதா திருவிழாவுக்கு, உமது திருவிழாவுக்கு, கஞ்சி காய்ச்ச ஊர்க்காரர்கள் கொடுக்கிற ராகியை எல்லாம் இருபத்திரண்டு வருஷமாகச் சுத்தம் பண்ணுகிறவள் நான். ஒவ்வொரு வீட்டு ராகியும் ஒவ்வொரு மாதிரி வரும், ஒருத்தி வீட்டில் கல், ஒருத்தி வீட்டில் எலிப்புழுக்கை, எல்லாவற்றையும் அரித்து முத்து மாதிரி ஆக்கித்தான் கோயில் அண்டாவில் போடுவேன். தெரசம்மா கை பட்டால் பல்லில் கல் கடிபடாது என்று பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். எனக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் படவில்லை. அந்தப் பெருமைதான் இது. வீட்டை விட்டு வெளியே போகிற தானியம் முகம் கழுவிப் போகட்டும் என்று நினைத்தேன். பெரிய படிப்பு படித்தவர்கள் முன்னால் அழுக்கோடு கொண்டுபோய் வைப்பதா என்று நினைத்தேன். ஒவ்வொரு தண்ணீருக்கும் பத்து மணி ஜெபம் சொன்னேன் தாயே. ஜெபம் சொல்லிக்கொண்டே கழுவினேன், என் பிள்ளைக்கு நல்லபடியாக வரட்டும் என்று.

அப்படித்தானா? அப்படி மட்டும்தானா? நாலாவது மணி. அந்த நேரத்தில் என் மனசுக்குள் காற்று அடித்ததா இல்லையா? அடித்தது என்றுதான் தோன்றுகிறது, இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றியதா என்று தெரியவில்லை. உமது திருநாளுக்கு மறுநாள். ராகி பால் பிடிக்கிற நேரம். மேற்கே வரப்புக்கு அந்தப் பக்கம் என் தம்பி சவரிராஜ் மக்காச்சோளம் போட்டிருந்தான், முழங்கால் உயரம், அதற்கு மேலே களை. முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு களை மருந்து அடித்துக்கொண்டு வந்தான். நான் வரப்பில் சாணி பொறுக்கிக்கொண்டிருந்தேன். காற்று மேற்கே இருந்து வந்தது, புகை மாதிரி, பனி மாதிரி, ரொம்ப மெல்லிசாக. வெயில் பட்டதும் அதில் ஒரு கணம் வானவில் தெரிந்தது, அழகாக இருக்கிறதே என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன், அப்புறம்தான் நாற்றம் வந்தது, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். என் மூக்கை நான் மூடிக்கொண்டேன். ராகிக்கு ஏது முந்தானை. "டேய் தம்பி, காத்து இந்தப் பக்கம் வருதுடா" என்றேன். அவன் நிறுத்தினான். நிறுத்திவிட்டுச் சிரித்தான். "ஏன் அக்கா, உன் மவன்தான் புல்லுக்கே பொங்கல் சீர் வைக்கிறவனாச்சே, என் மருந்து வாசம் பட்டா அவன் ராகி கோவிச்சுக்குமா?" என்றான். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, "ரெண்டு வரிசைதான் பட்டிருக்கும் அக்கா. மாப்ளகிட்ட சொல்லிடாத. ஏற்கெனவே மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறான்" என்றான். சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? என் வீட்டுக்காரர் இறந்துபோன மறுநாளிலிருந்து ஒரு வருஷம், தைனிஸ் பெங்களூர் கம்பெனியை விட்டு வருகிற வரைக்கும், விடியற்காலையில் வந்து எங்கள் மோட்டாரைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடாமலே போனவன் அவன். கூப்பிட்டால் அக்கா எழுந்து காபி வைப்பாள் என்று கூப்பிடாமல் போனவன். பத்து நாள் கழித்து ஓரத்து வரிசை மஞ்சளடித்தது. "என்னம்மா, ஓரத்துல மட்டும் மஞ்சளா இருக்கு?" என்றான் தைனிஸ். "தண்ணி பத்தல போல கண்ணு" என்றேன். அவன் நம்பினான், அன்றைக்குச் சாயங்காலமே அந்த ஓரத்துக்குத் தனியாகத் தண்ணீர் கட்டினான். மண்வெட்டியோடு குனிந்து குனிந்து. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அறுப்பில் அந்த இரண்டு வரிசையைத் தனியாகக் கட்டிப் போடலாம் என்று இருந்தேன், சத்தியமாக இருந்தேன், கட்டைத் தனியாகவும் வைத்தேன், கூலிக்கு வந்த பொம்பளைகள் இது என்ன அநாதைக் கட்டு என்று சிரித்துக்கொண்டே தூக்கிக் களத்தில் எறிந்துவிட்டார்கள். எல்லாம் ஒன்றாகிவிட்டது. பதினெட்டு மூட்டையில் அந்த இரண்டு வரிசை எங்கே இருக்கிறது என்று இனிமேல் உமக்குத்தான் தெரியும்.

எத்தனையாவது மணி என்று மறந்துவிட்டது. உள்ளே நரைத்த மீசைக்காரர் ஒருவர், வெள்ளைக் கோட்டு, கையுறை, நான் கட்டின பையைப் பிரிக்கிறார். நான் போட்ட முடிச்சு, இரட்டை முடிச்சு, பல்லால் இழுத்துக் கட்டினது. அவருக்கு அவிழவில்லை. அவிழாமல் இருக்கட்டும். கத்தரியை எடுத்துவிட்டார். ஒரு பளபளப்பான தட்டில் கொட்டுகிறார், சரசரவென்று வருகிறது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அந்தச் சத்தம் தெரியும். குவியலாக்கி, ஒரு தகட்டை எடுத்து மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. ஐயோ, சிலுவை போடுகிறாரே. களத்தில் அளக்கும் முன்னால் நான் குவியலில் விரலால் போடுவேனே, அதே மாதிரி. அவர் அதற்காகப் போடவில்லை, நாலு பங்காக்கி எதிரெதிர்ப் பங்கை எடுத்து ஒன்றாக்குகிறார், மறுபடி குவிக்கிறார், மறுபடி சிலுவை. எங்கே எடுத்தாலும் மூட்டை முழுக்க இருப்பதுதான் அதிலும் இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார் போல. எவ்வளவு பொறுப்பாகச் செய்கிறார். பொய்யான தானியத்தை எவ்வளவு நியாயமாகப் பங்கு போடுகிறார். ஒரு கை எடுத்து ஒரு சின்ன மெஷினில் போட்டார். ஈரம் பார்க்கிற மெஷின், எனக்குத் தெரியும், நெல் எடுக்கிற இடத்தில் பார்த்திருக்கிறேன். அந்த மெஷினே சொல்லிவிடட்டும் என்று ஆசையாக இருந்தது. கழுவின ஈரம் எங்கேயாவது உள்ளே மிச்சம் இருந்து, நம்பர் ஏறி, இது கழுவினது அம்மா, திருப்பிக் கொண்டுபோங்கள் என்று அவரே வந்து சொல்லட்டும், நான் சொல்ல வேண்டாம், என் வாயால் வேண்டாம். அவர் குனிந்து பார்த்தார். "பதினொண்ணரை, சரியா இருக்கு" என்று சங்கவியிடம் சொன்னது கண்ணாடியில் இருக்கிற வட்ட ஓட்டை வழியாகக் கேட்டது. இரண்டு நாள் மாடியில் நின்று மணிக்கொரு தரம் துழாவி விட்டேனே. காயவைக்கவும் தெரிந்து தொலைத்திருக்கிறது எனக்கு.

சங்கவி எட்டிப் பார்த்து, "அம்மா, எவ்ளோ சுத்தமா இருக்கு! ஒரு தூசி இல்ல. இங்க வர்ற சாம்பிளெல்லாம் பாதி மண்ணா வரும்" என்றாள். நான் சிரித்தேன். சிரிப்பு எப்படி வந்தது? உதடுதான் விரிந்தது. இவள் வயசு இருபத்தைந்து இருக்குமா, கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருக்கிறது, இவளும் நாளைக்குப் பிள்ளை பெற்றால் கடையில் அந்தக் கம்பெனி டப்பாவை வாங்குவாள். டப்பாவின் மேலே ஒரு குழந்தை சிரிக்கிற படம் போடுவார்களாம். தைனிஸ் போனில் காட்டினான். குழந்தைகளுக்குக் கஞ்சி மாவு செய்கிற கம்பெனி, களை மருந்து துளிகூட இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்தால் பதினெட்டு மூட்டையும் எடுத்துக்கொள்வார்கள், வருகிற வியாழக்கிழமை லாரி வருகிறது, அடுத்த வருஷம் ஊரில் இன்னும் ஏழு பேரைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். "மா, நாலு வருஷமா என்னைப் பைத்தியம்னு சொன்னவனெல்லாம் என்கிட்ட விதை கேக்கறான்" என்றான். நேற்று ராத்திரி சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். இவனிடம் நான் என்ன சொல்வேன்? கழுவிவிட்டேன் என்றால், சரி விடுங்க மா, வேறு எடுத்து வரலாம் என்பான். வேறு எடுத்து வந்து, அதில் இருக்கிறது என்று வந்துவிட்டால்? எப்படி வந்தது என்பான். மஞ்சள் ஓரம் ஞாபகம் வரும். தண்ணி பத்தல என்று நான் சொன்னது ஞாபகம் வரும். மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு போய் அவன் சட்டையைப் பிடிப்பான், அவன் அப்பா மாதிரியே கோபம், பேசமாட்டான், கைதான் பேசும். சவரிராஜுக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நாலு மழை பெய்தது அதற்கு அப்புறம். மழையே கழுவியிருக்கும், எனக்கு முன்னால் மழை கழுவியிருக்கும், அப்படியென்றால் நான் செய்தது தப்பே இல்லை. அப்படியென்றால் ஏன் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்?

மடியில் இன்னொரு பை கனக்கிறது. அதை மறந்தே போனேன். இல்லை, மறக்கவில்லை, அதைப் பார்க்காமல் இருந்தேன். மகள் பிரிசில்லா இந்த ஓசூரிலேயேதான் இருக்கிறாள், இங்கிருந்து அவள் வீட்டுக்குப் போகிறோம். பேரன் ஆல்வினுக்கு ஏழு மாசம். கீழே இரண்டு பல். ராகியை ஊறவைத்து முளைகட்டிப் பால் எடுத்துக் கொடுக்கிறாள், வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு உலகத்தில் வேறு எதுவும் இல்லாத மாதிரி சப்புவான். "அம்மா, அண்ணன் ராகியே கொண்டு வா. ஆனா கையெடுத்துக் கும்பிடறேன், நீ கழுவாத. போன தடவ ஈரத்தோட கட்டிக் குடுத்துப் பூசணம் புடிச்சிச்சு, நானே கழுவிக்கறேன்" என்று போனில் சிரித்தாள். அதனால் இதைக் கழுவவில்லை. களத்தில் அள்ளினபடி இரண்டு கிலோ. தூசி, உமி, ஒரு எறும்புகூட ஊர்கிறது பையின் மேலே. அவள் கழுவுவாள்தான். கழுவினால் மேலே இருப்பது போகும் என்றுதானே இந்தப் பெண் சொன்னாள். பால் பிடிக்கிற நேரத்தில் பட்டது மேலே மட்டுமா இருக்கும் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. தாயே, நான் எட்டாவது படித்தவள், எனக்கு யாரைக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. லேபுக்குக் கழுவினதைக் கொடுத்தேன், பேரனுக்குக் கழுவாததைக் கொண்டு போகிறேன். இங்கே காகிதத்தில் ஒன்றுமில்லை என்று வரும், அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுத்தான் பிரிசில்லா தைரியமாக ஊட்டுவாள், அண்ணன் ராகி என்று அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் சொல்லி ஊட்டுவாள். வியாழக்கிழமைக்கு மேல் எத்தனை பிள்ளைகள். எனக்குப் பேர் தெரியாத பிள்ளைகள், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சப்புகிறார்கள். உமக்கும் ஒரு பிள்ளை இருந்தாரே. நீர் அவருக்கு என்ன ஊட்டினீர்? ஊட்டும்போது அதில் என்ன இருக்கிறது என்று உமக்குத் தெரிந்திருந்தது இல்லையா?

மீசைக்காரர் ஒரு பங்கை டப்பாவில் போட்டு மூடி ஒட்டுகிறார், சங்கவி அதன் மேல் நம்பர் எழுதின தாளை ஒட்டுகிறாள். இன்னொரு பங்கை அரைக்கிற மெஷின் பக்கம் எடுத்துப் போகிறார். மிக்ஸி மாதிரிதான் இருக்கிறது, எங்கள் வீட்டு மிக்ஸியைவிடச் சின்னது. மூடியைத் திறக்கிறார். அரைத்துவிட்டால் முடிந்தது, மாவுக்குக் கழுவினது கழுவாதது கிடையாது. படியில் செருப்புச் சத்தம், இரண்டிரண்டு படியாக, ஏறும்போதும் இரண்டிரண்டாக. வந்துவிட்டான். அவன் வருவதற்குள் சொல்வதா, வந்த பிறகு சொல்வதா, சாயங்காலம் சொல்வதா, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மட்டும் சொல்வதா. சாமியாரிடம் சொன்னால் எனக்கு மன்னிப்பு உண்டு, ஆல்வினுக்கு என்ன உண்டு? முட்டியை ஊன்றி எழுந்திருக்கிறேன். எழுந்தது நான்தானா என்று தெரியவில்லை, மாலை கையிலிருந்து நழுவித் தொங்குகிறது, எந்த மணியில் விட்டேன் என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. கண்ணாடியில் இருக்கிற அந்த வட்ட ஓட்டை என் கழுத்து உயரத்துக்குத்தான் இருக்கிறது, குனிய வேண்டியிருக்கிறது. பின்னால் தைனிஸ், "என்னம்மா, என்ன வேணும், உக்காருங்க" என்கிறான். திரும்பினால் அவன் முகத்தைப் பார்த்துவிடுவேன். பார்த்தால் உட்கார்ந்துவிடுவேன். திரும்பவில்லை. மடியில் இருந்த பையை அந்த ஓட்டைக்குக் கீழே மேசையில் வைக்கிறேன், எறும்பு இன்னும் அதன் மேல் போய்க்கொண்டிருக்கிறது. சங்கவி நிமிர்ந்து பார்க்கிறாள்.

"கண்ணு, அதை அரைக்க வேணாம்னு சொல்லும்மா. அது நான் கழுவினது. இதை அரைக்கச் சொல்லு."